கடல் வேண்டாம் என்றது

போர்ட்மகீ
ஆகஸ்ட் 19

நெஸா,

இதை நான் எழுதவில்லை, பெர்ணி எழுத வைத்தாள் என்று வைத்துக்கொள். சமையலறை மேசையில் காகிதத்தைப் போட்டாள். "தங்கச்சிகிட்ட வாயால பேச மாட்டேன்னா கையால பேசு. ரெண்டும் இல்லேன்னா சாப்பாடு இல்ல" என்றாள். என் மனைவியை உனக்குத் தெரியும். சொன்னால் செய்வாள்.

அம்மாவுக்காக எழுதுகிறேன். வழிகாட்டிகள் எல்லோரும் இரண்டு வாரம் ஸ்கெல்லிக் பாறையில் இருந்துவிட்டு ஒரு வாரம் கரைக்கு வருகிறார்கள். நீ ஜூலைக்குப் பிறகு வரவே இல்லை. உன் விடுப்பை யார் யாருக்கோ மாற்றிக் கொடுக்கிறாய். உச்சியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அம்மாவுக்கு 'நலம்' என்று ஒரு சொல் அனுப்புகிறாய். அவள் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். "ஒரே வார்த்தையா? எனக்கு என்ன, தந்தி ஆபீஸா?" என்று என்னைக் கேட்கிறாள்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்றால், பகல் முழுக்க நான் கடலில் இருக்கிறேன். வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. குறுக்கே வரமாட்டேன்.

ஜூனில் நடந்ததை நான் மறக்கவில்லை. படகு நிறையப் பயணிகள். இறங்குதுறையில் நீ. அலை தூக்கிப் போட்டது, உண்மை. வழக்கம் என்ன? வழிகாட்டி கையைத் தூக்குவாள். அவ்வளவுதான். படகுக்காரன் அதைப் பார்ப்பான், திருப்புவான், பயணிகளிடம் "கடல் வேண்டாங்குது" என்பான். முடிவு கடலுடையது, சொல்வது படகுக்காரன். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நீ என்ன செய்தாய்? என் பெயரைச் சொல்லிக் கத்தினாய். "கோர்மாக், திரும்பிப் போ! போ! போ!" நாயை விரட்டுகிற மாதிரி. பின்னால் இரண்டு படகுகள் நின்றன. அன்று சாயங்காலம் நான் பப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொருத்தனும் கதவைக் காட்டி "கோர்மாக், போ, போ" என்றான். இன்றும் சொல்கிறார்கள்.

அதைப் பற்றி உன்னிடமிருந்து இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

திராட்சை போட்ட ரொட்டி அம்மா சுட்டது. டைக்குக்கும் கொடு.

கோர்மாக்


ஸ்கெல்லிக் பாறை
ஆகஸ்ட் 21

கோர்மாக்,

ரொட்டி வந்தது. டைக் தன் பங்கையும் என் பங்கில் பாதியையும் தின்றான். "உங்கம்மா என்னைத் தத்தெடுப்பாங்களா, கேட்டுச் சொல்லு" என்கிறான். அவனோடு வேலை செய்வது சுலபம். கேள்வி கேட்பதில்லை.

வேலை அதிகம். அதனால்தான் வரவில்லை. இப்போது நான் மேலேயே இருக்கிறேன், அந்தக் காலத்துத் துறவிகளின் கற்குடில்கள் பக்கம். கீழே இறங்குதுறையையும் படிகளைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கைப் பேச்சையும் டைக் பார்த்துக்கொள்கிறான். நான்தான் கேட்டு மாற்றிக்கொண்டேன். முழங்கால் கொஞ்சம் சரியில்லை.

நீ இறக்கிவிடும் மனிதர்கள் மூச்சிரைக்க மேலே வருகிறார்கள். பாதிப் பேர் கையில் உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியல்: போன வாரம் பெர்கன் துறைமுகம், அடுத்த வாரம் மோன் சான் மிஷேல். நடுவில் நாங்கள். நேற்று ஒருவர் குடிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு எதுவும் இல்லையா? எப்படி விழாம நிக்குது?" என்று கேட்டார். கல் கல்லின் மேல் சாய்ந்திருக்கிறது என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். ஏமாந்துபோன குரல்.

ஏன் இங்கே வந்தார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். துறவிகளைப் பற்றி. தினமும் பதில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், வேறு யாரோ சொன்னதைக் கேட்டது போலிருக்கிறது.

ஜூன் பற்றி. நீ சொல்வது சரி. கையைத் தூக்கியிருக்க வேண்டும். இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

அம்மாவிடம் நலம் என்று சொல். மன்னித்துக்கொள், மறுபடி அதே சொல்.

நெஸா


போர்ட்மகீ
ஆகஸ்ட் 27

நெஸா,

டைக்கிடம், எந்த முழங்கால் என்று கேட்டேன். "இடது" என்றான். முந்தாநாள் கேட்டபோது "வலது" என்றான். அவனைப் பொய் சொல்ல வைக்காதே. காது சிவந்துபோகிறது, பாவம்.

மூன்று வாரமாக உன்னை இறங்குதுறையில் பார்க்கவில்லை. முன்பு பேசாவிட்டாலும் வந்து நிற்பாய். கயிற்றை வாங்குவாய். தண்ணீர்க் கேனை வாங்குவாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவாய், ஆனால் வாங்குவாய். இப்போது அதுவும் இல்லை. செவ்வாயன்று மேலே உன் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. நீ கையாட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. கழுத்துதான் வலித்தது.

சண்டை போட வேண்டுமென்றால் கீழே வந்து போடு. ஒளிந்துகொள்வது நம் வீட்டுப் பழக்கம் இல்லை.

இன்றைக்கு வந்த கூட்டம்: ஒரு ஜெர்மன்காரர், ஏறியதிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை மணிக்குத் திரும்புவோம்? நாளைக்குக் காலைல ஜயண்ட்ஸ் காஸ்வேல இருக்கணும்." கடலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "கடலுக்கு ஈமெயில் இருக்கா?" என்று அவர் மனைவி கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இன்னொரு அம்மாள், "தம்பி, அங்க கழிப்பறை இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "துறவிங்க என்ன பண்ணாங்க?" என்றாள். என் தங்கையைக் கேளுங்கள், அதற்காகவே அவளைக் காலேஜுக்கு அனுப்பினோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலே வந்து கேட்டாளா?

உனக்கு ஒரு தபால் அட்டை வந்திருக்கிறது. படத்தில் சேறும் வானமும். படித்துவிட்டேன். அட்டையைப் படிப்பது குற்றமில்லை. நெதர்லாந்திலிருந்து ட்ரூஸ் என்று யாரோ. 'இப்போதெல்லாம் தட்டையான பாரம்பரிய இடங்களுக்கு மட்டும் போகிறோம். வாடன் கடற்கரை. முழுக்கச் சேறு. மிக அழகு. உங்களை நினைத்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். யார் இவள்?

கோர்மாக்


ஸ்கெல்லிக்
ஆகஸ்ட் 30

கோர்மாக்,

ட்ரூஸ் மே மாதம் உன் படகில்தான் வந்தாள். வெள்ளை முடி, பச்சை மழைக்கோட்டு. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. ஐரோப்பாவின் உலகப் பாரம்பரிய இடங்களையெல்லாம் பார்த்துவிடுவது என்று கணவனும் மனைவியுமாகக் கிளம்பியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் காற்றாலைகளில் தொடங்கி. "எங்க ஊர்ல உயரமான இடம்னா தேவாலயக் கோபுரம்தான். அதுவும் சாஞ்சிருக்கு" என்று சிரித்தாள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது, கீழ்ப்படிகளில், கடல் நேராகக் காலடியில் திறக்கும் இடத்தில், நின்றாள். நின்றேவிட்டாள்.

நான் என் பேச்சைச் சொன்னேன். அப்போதெல்லாம் தினமும் காலையில் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு. "பயமா இருந்தா உட்காருங்க. உட்கார்ந்தபடியே இறங்கலாம். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல." அவள் என்னைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தாள்.

"இது அசையுது."

"இல்லம்மா, அசையல."

"அசையுது. நீயே பாரு."

நான் பார்த்தேன்.

இதுவரை நேற்று எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அவள் இறங்கினாள். உட்கார்ந்து உட்கார்ந்து. இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கணவர் கீழே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்கு அவமானமாக இருக்கக்கூடாது என்று. நல்ல மனிதர். அவள் விரல்கள் பட்ட இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. பிறகு மறைந்துவிட்டது.

மணிக்கட்டில் மட்டும்தான் மறைந்தது. இந்த வரியை அடிக்கலாமா என்று யோசிக்கிறேன். இருக்கட்டும்.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. உன்மேல் கோபமும் இல்லை.

கழிப்பறை அம்மாள் வந்து கேட்டாள். கடல் பக்கம் கையைக் காட்டினேன். "புத்திசாலிங்க" என்றாள்.

நெஸா


போர்ட்மகீ
செப்டம்பர் 3

நெஸா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, காலேஜ் படித்தவர்களுக்கே உரிய சுற்றிவளைப்பு என்று தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று காலை, துறையை விட்டுக் கிளம்பும்போது, 'நான் பார்த்தேன்' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. திரும்ப எடுத்துப் படித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. நேராகப் பதில் எழுது. வீட்டில் யாருக்கும் காட்டமாட்டேன்.

நீ கடைசியாகக் கீழே இறங்கி வந்தது எப்போது?

டைக்கைக் கேட்டேன். "அவளையே கேளுங்க" என்றான். காது சிவக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வானிலை அறிக்கை பார்த்தாயா? அட்லாண்டிக்கில் ஏதோ திரள்கிறது. அடுத்த புதன்கிழமைக்கு மேல் ஒரு வாரம் எந்தப் படகும் போகாது. உங்கள் எல்லோரையும் அதற்கு முன்பே கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கோர்மாக்


ஸ்கெல்லிக்
செப்டம்பர் 5

கோர்மாக்,

பஃபின் பறவைகள் பாறையை விட்டுப் போன அன்று. ஆகஸ்ட் முதல் வாரம்.

அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்றேன். முதல் முறை மூன்று படி. இரண்டாம் முறை படியைப் பார்க்கும் தூரம்வரை.

நாங்கள் தங்கும் தகர அறைகளுக்கு மேலே என்னால் சமாளிக்க முடிகிறது. அங்கே ஒரு பக்கம் சுவர் போலப் பாறை இருக்கிறது. காலையில் ஏறுகிறேன். பயணிகள் போன பிறகு, யாரும் பார்க்காமல், உட்கார்ந்து உட்கார்ந்து அறைக்குத் திரும்புகிறேன். அறைக்குக் கீழே ஒரு பக்கம்கூடச் சுவர் இல்லை. அங்கேதான் ட்ரூஸ் நின்றாள். அங்கே கல் அசைகிறது.

அசையவில்லை என்று எனக்குத் தெரியும். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அசையாத கற்கள். கார்க் நகரத்துக் காலேஜில் நான்கு வருடம் அதைத்தான் படித்தேன். யார் பதித்தார்கள், எந்தச் சரிவில், எவ்வளவு உள்வாங்கி. எல்லாம் தெரியும். தெரிந்தது காலுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே நாளில் வரவில்லை. மே மாதம் ஒரு படி. பிறகு இரண்டு. பிறகு படகில் குதிக்கும் இடம். ஜூலையில் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது படகிலிருந்து இறங்குதுறைக்குக் கால் வைக்க முடியாமல் நின்றேன். யாரும் கவனிக்கவில்லை, ஒரு பிரெஞ்சுக் குழந்தையைத் தவிர. அன்றே முடிவு செய்தேன், இனி வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடுவது என்று. போகாவிட்டால் திரும்பி வர வேண்டியதில்லை. இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அப்போது கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். இறங்குதுறையில் அந்தப் பெரிய அலை வந்தபோது பாறையில் பதித்திருக்கும் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். உன் படகு நெருங்கி வருகிறது. கையைத் தூக்க வேண்டும். தெரியும். கை வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. நீ இன்னும் நெருங்குகிறாய். என்னிடம் மிச்சமிருந்தது குரல் மட்டும்தான். அதில் முதலில் வந்தது உன் பெயர்.

உன்னை அவமானப்படுத்தக் கத்தவில்லை. ஆனால் இதைச் சொல்லியிருந்தால் சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

டைக்குக்குத் தெரியும். அவனாகவே புரிந்துகொண்டான். அலுவலகத்துக்குத் தெரிந்தால் அடுத்த மே மாதம் என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். நிற்கட்டும் என்று சொல்ல முடியவில்லை. வேறு எங்கும் இருக்க நான் ஆசைப்பட்டதில்லை, கோர்மாக். ஆசைப்பட்ட ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஹெலிகாப்டர் வந்து என்னைத் தூக்கினால் அந்தப் படம் சாயங்காலத்துக்குள் எல்லோர் கையிலும் இருக்கும். படிகளைப் பற்றி எச்சரிப்பவளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள் என்று.

யாரிடமும் சொல்லாதே. பெர்ணியிடம்கூட.

வானிலை அறிக்கை பார்த்தேன். தினமும் பார்க்கிறேன்.

நெஸா


போர்ட்மகீ
செப்டம்பர் 6

நெஸா,

பெர்ணியிடம் சொல்லிவிட்டேன். படகைக் கடலில் தனியாக நிறுத்திவிட்டு மேலே வர முடியாது. என்னைவிட அவள் சுக்கானை நன்றாகப் பிடிப்பாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முக்கியமாக அவள் சொல்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன். பயணிகள் இல்லாமல். படகு காலியாக இருக்கும், எப்படி என்று கேட்காதே. மற்ற படகுகள் வருவதற்கு முன்னால் கீழே வந்துவிடுவோம். நீ அறை வாசலில் உட்கார்ந்திரு. டைக் மேலே இருக்கட்டும்.

நான் அந்தப் படிகளில் கடைசியாக ஏறியது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. பயணிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தினமும் கொண்டுவந்து விடுகிறேன், படகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். படகுக்காரன் வேலை அப்படி. அதனால் எனக்கு உன்னைப் போல எந்தக் கல் எப்படி என்று தெரியாது. ஆனால் பயந்தவர்களைப் படகிலிருந்து இறக்கத் தெரியும். வருடக்கணக்காக அதைத்தான் செய்கிறேன். அவர்களைத் தண்ணீரைப் பார்க்க விடமாட்டேன். துறையையும் பார்க்க விடமாட்டேன். "என்னைப் பாருங்க. நான் இப்போன்னு சொல்ற வரைக்கும் உங்க கால் உங்களுது இல்ல, என்னுது" என்பேன். சொன்னதும் கால் எடுத்து வைப்பார்கள். யோசிக்க நேரமே இருக்காது.

உனக்கும் அதேதான்.

ஹெலிகாப்டர் பற்றி. கூப்பிடவில்லை. நேற்று இரண்டு தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஆனால் செவ்வாயன்று முடியாமல் போனால் அன்றே கூப்பிடுவேன். நீ என்ன சொன்னாலும் கூப்பிடுவேன். வேலை போனால் போகட்டும். புயலில் உன்னை அங்கே விட்டுவிட்டு வந்து நான் சாப்பிட முடியாது. அதற்காக என்மேல் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கோபமாக இரு.

சங்கிலியைப் பற்றி அன்றே சொல்லியிருக்கலாம். மடச்சி.

கோர்மாக்


ஸ்கெல்லிக்
செப்டம்பர் 8
(வேறு படகில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன், பிரிக்கமாட்டார்கள்.)

கோர்மாக்,

வராதே.

இன்று பழகிப் பார்த்தேன். அறை வாசலிலிருந்து முதல் படியில் உட்கார்ந்தேன். உட்கார மட்டும்தான் முடிந்தது. அடுத்த படிக்குக் காலை நீட்டியதும் காது இரைந்தது. டைக் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். "டீ போடறேன்" என்றான்.

அலை கூடிவிட்டால்? பாதிப் படியில் நான் நின்றுவிட்டால்? நீயும் என்னோடு நிற்பாய். நீ விடமாட்டாய், எனக்குத் தெரியும். அதுதான் பயம். இந்தப் படிப் பயம் ட்ரூஸிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து உனக்கு வந்தால், நீ படகு ஓட்டுகிறவன்.

தயவுசெய்து.

நெ.


போர்ட்மகீ, அம்மா வீடு
செப்டம்பர் 16

கோர்மாக்,

நீ இரண்டு வீடு தள்ளி இருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் ஆரம்பித்தால் எஞ்சின் எண்ணெய் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாய். இந்த வாரம் மூன்று முறை அப்படிச் செய்தாய். இதை உன் மழைக்கோட்டுப் பையில் வைக்கிறேன். காற்று ஓய்ந்து நீ அதை மறுபடி மாட்டும்போது கிடைக்கும்.

புயல் இன்னும் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா ரேடியோவோடு சண்டை போடுகிறாள். நான் தரையில் கால் வைத்து நடக்கிறேன். தரை பெரும்பாலும் அசைவதில்லை.

இறங்கியது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நீ எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாய், முதுகைக் காட்டிக்கொண்டு. கடல் தெரியவில்லை. உன் நீல ஸ்வெட்டர்தான் தெரிந்தது. வலது தோளில் ஒரு ஓட்டை. வேறு நிற நூலால் பெர்ணி தைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தாள். "இப்போ" என்றாய். இறங்கினோம். "இப்போ." அந்த ஓட்டை ஒரு படி இறங்கியது, நானும் இறங்கினேன். ட்ரூஸ் நின்ற இடத்தில் நானும் நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. "கெஞ்சமாட்டேன். எனக்கு இங்க உட்காரப் பிடிச்சிருக்கு. காத்து நல்லா வருது" என்றாய். உன் குரல் சாதாரணமாக இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. அதை நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு, "இப்போ."

கீழே, படகில் ஏறும் இடத்தில், கையை நீட்டினாய். அப்போதுதான் கவனித்தேன். அலையே இல்லை. பெர்ணி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. நேற்று ரொட்டிக் கடையில் புரிந்தது. கடைக்குள் நான் நுழைந்ததும் படகுக்கார ஓட்ரிஸ்கால், "வாம்மா, குளத்துக் கோர்மாக்கோட தங்கச்சியா? அண்ணனுக்கு இப்ப தேவலையா? செவ்வாக்கிழமை கடல் குளம் மாதிரி, கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, பாதி ஊரே படகெடுத்துக் கிளம்புச்சு. இவன் துறையில நின்னு, வந்த ஆளுங்ககிட்ட 'கடல் வேண்டாங்குது'ங்கறான்! கேட்டவங்க எல்லாம் திரும்பிக் கடலைப் பாத்தாங்க. கடலும் அவங்களைப் பாத்துச்சு!" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. ஒரு பின்லாந்துப் பெண் இந்த ஒரு நாளுக்காக இரண்டு விமானம் மாறி வந்திருந்தாளாம். துறையிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். வாய் திறந்தேன். பெர்ணி என் காலை மிதித்தாள்.

'போ, போ' என்று மூன்று மாதம் கேட்டவன் நீ. இனி குளத்துக் கோர்மாக். அது போகாது. இந்த ஊரில் பெயர்கள் போவதில்லை.

அலுவலகத்துக்கு நானே ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சங்கிலியையும். மறுமுனையில் இருந்த அம்மாள், "ஏப்ரல்ல நீங்களா ஏறி, நீங்களா இறங்கிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். வேலை இருக்கிறதா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் தூரமாக இருக்கிறது. அதுவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது முழுவதுமாக என்னை எடுத்துக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது. இந்தப் பருவத்தின் கடைசிப் படகு இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. உன்னுடையது. அதில் பயணியாக ஒரு இடம் கிடைக்குமா? படிகளில் ஏறுவேனா தெரியாது. துறையில் கால் வைப்பேனா என்றும் தெரியாது. பாறை தெரிகிற தூரத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னாலும் சொல்வேன். மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருப்பார்கள். அவர்களுக்கு இது நியாயமில்லை. தெரிந்தே கேட்கிறேன்.

இரண்டு வீடு தள்ளி,
நெஸா


போர்ட்மகீ
செப்டம்பர் 18

நெஸா,

மழைக்கோட்டுப் பையில் கடிதம் வைக்காதே. நனைந்துவிட்டது. 'நீல ஸ்வெட்டர்' இருக்கிற பக்கம் முழுக்க நீலமாக வழிந்திருக்கிறது. மற்றதைப் படித்தேன்.

ஒன்பதாம் தேதி கடல் வேண்டாம் என்றது. அவ்வளவுதான். சொல்வது படகுக்காரன். கண்ணாடி மாதிரி கிடந்ததா, குளம் மாதிரி கிடந்ததா என்று ரொட்டிக் கடையில் கேட்டுக்கொண்டு நிற்பது வழக்கமில்லை. ஓட்ரிஸ்காலுக்கு அவன் படகைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பின்லாந்துக்காரிக்கு அடுத்த மே மாதம் முதல் படகில் இடம் வைத்திருக்கிறேன். சரி என்று எழுதியிருக்கிறாள். பனிக்காலம் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாளாம். அவளை மேலே கூட்டிப்போக அப்போது யாராவது இருக்க வேண்டும். சும்மா சொல்கிறேன். அவசரம் இல்லை.

கழுத்து வியர்வை பற்றி. நீ சொன்னது போல எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டதோ என்று நானும் பயந்தேன். மறுநாள் காலை, புயலுக்கு முன்னால், படகைப் பத்திரமான துறைக்கு மாற்றினேன். வழியெல்லாம் அதையே கவனித்துக்கொண்டு போனேன். இருக்கிறது. கொஞ்சம். ஆனால் படகு போனது.

ஞாயிறு காலை துறைக்கு வா. உன் இடம் எஞ்சினுக்குப் பக்கத்தில், எனக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்தால் என் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. பெர்ணி அந்த ஓட்டையைத் தைக்கப் போகிறாள் என்றாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஊசியை எடுத்து வைத்துவிட்டாள்.

நடுவில் திரும்ப வேண்டுமென்றால் கையைத் தூக்கு. மற்றவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கை வராவிட்டால் என் பெயரைச் சொல்லிக் கத்து. எல்லோர் முன்னாலும்.

கோர்மாக்